ஆயிலை முகர்ந்து பார்க்கிறவனிடம் சாவியைக் கொடுக்காதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, வேளை தவறாமல் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் இதே போல, மாத்திரை மட்டும் இல்லாமல், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையின் மேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்திருப்பாய். குழந்தை இல்லை அம்மா, உன் அப்பாதான். யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தது இல்லை, நானே எழுதுகிறேன். நம் தெரு முனையில் நூலகம் இருக்கிறதே, அதன் மாடியில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனது அங்கேதான், உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு ஊரே புதிதாக இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையின் கண்ணாடியில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது தெரியுமா, அந்தக் கடைக்காரனை விட அதிகம் பேசுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அதைப் படித்துவிட்டு முகத்தில் சோப்பு நுரையோடு நான் சிரித்த சிரிப்பில் அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். மெதுவாகத்தான் எழுதுகிறேன், உள்ளங்கை வியர்க்கிறது, துடைத்துத் துடைத்து எழுதுகிறேன், ஒரு வரி முடிந்ததும் எழுந்து நின்று அதைப் பார்க்கிறேன். அவ்வளவு அழகாக இருக்கிறது.

உன் அம்மாவின் வலது கை முடங்கியதால்தான் இந்த ஆசை வந்தது. இந்த வீட்டில் எழுத்து என்றால் அவள்தான், உனக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதுவாள், கடைசியில் என் பெயரையும் அவளே போட்டுவிடுவாள், நான் சொல்லாத புத்திமதியெல்லாம் என் பெயரில் உனக்கு வந்திருக்கும். அவள் கை படுத்ததும் கடிதம் நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை, பயப்படாதே, அது இரண்டு கைக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. ஆனால் உனக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு இடம் காலியானதும் அதில் உன் மாமா போனும் கையுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். நம் வீட்டுச் சேதி எல்லாம் என் மச்சினன் வாய் வழியாகத்தான் உனக்கு வருகிறது, அந்த வாய் வழியாக வந்தால் வெந்நீர்கூட ஆறிப்போய் வேறு நிறத்தில் வந்து சேரும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் சொன்னாய், அப்பா, காரை மாமாகிட்ட கொடுத்துடுங்க, அவருக்குத்தான் எஞ்சினைப் பத்தித் தெரியும், நீங்க ஆயிலைக்கூடக் கவனிக்காம ஓட்டி எஞ்சினை எரிச்சுட்டீங்களாமே, அம்மாவைக் கைப்பயிற்சிக்கு அவரே கூட்டிட்டுப் போவார், மாசக் கடைசியில வருவார், சாவியைக் கொடுத்துடுங்கன்னு. எனக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தால் குரல் ஏறிவிடுகிறது, உடனே நீ, சரிப்பா சரிப்பா, கத்தாதீங்கப்பா என்கிறாய், அங்கே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தில் யாரும் என்னை நடுவில் நிறுத்த முடியாது. கடிதம் கத்தாது. அதனால் உட்கார்ந்து பொறுமையாகப் படி, காபியோ தேநீரோ எடுத்துக்கொண்டு படி.

முதலில் உன் மாமாவின் எஞ்சின் ஞானத்தைப் பற்றி. பட்டறையில் வேலை பார்த்தவன் என்று அவனுக்குப் பெயர். பார்த்தது உண்மைதான், பட்டறைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்தான். தெருவில் அவனை எஞ்சின் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள், அது கிண்டல் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுக்கு வந்தால் உன் அம்மாவை எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் கார் எங்கே என்பான். சட்டைக் கையை மடித்துவிடுவான். பானெட்டைத் திறப்பான். துண்டு கேட்பான், பழைய துணி கொடுத்தால் வாங்க மாட்டான், நான் துவைத்து மடித்து வைத்திருக்கிற வெள்ளைத் துண்டுதான் வேண்டும். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி, என் துண்டில் துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். இரண்டு விரலில் ஆயிலைத் தேய்ப்பான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முகர்வான், பார், அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும், சென்ட் கடையில் நிற்கிற மாதிரி. ஒரு தடவை நாக்கிலேயே வைத்துப் பார்த்தான், உன் அம்மா, டேய், உப்பு போதுமாடா என்று ஜன்னலிலிருந்து கேட்டாள். எல்லாம் முடிந்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, போச்சு அத்தான், ஆயில் செத்துப்போச்சு, பாருங்க எப்படிக் கறுத்துக் கிடக்குன்னு, இதுக்கு மேல ஓட்டினா எஞ்சினுக்கு நீங்கதான் பொறுப்பு என்பான். உடனே காரை எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிட்டு வருவான். இரண்டு மாதம் ஆகாது, திரும்ப வருவான், திரும்பத் துண்டு, திரும்ப மூக்கு, திரும்பச் செத்துப்போச்சு. அந்த எஞ்சினில் அத்தனை சாவு விழுந்திருக்கிறது, ஆனால் கார் மட்டும் ஒவ்வொரு நாளும் முதல் திருப்பிலேயே கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவன், அப்புறம் அங்கேயே துணி வண்டி ஓட்டினவன். சலவை இயந்திரத்திலிருந்து தண்ணீர் கறுப்பாக வெளியே வந்தால் எங்கள் மேற்பார்வையாளர் சந்தோஷப்படுவார், தெளிவாக வந்தால்தான் சோப்பு வேலை செய்யவில்லை என்று குதிப்பார். அழுக்கை வாங்கிக்கொள்வதற்காகவே ஊற்றின ஒன்று கறுத்துப்போச்சு என்று அழுகிறவனை என்ன சொல்வது என்று நினைப்பேன். ஆனால் நினைத்து என்ன, அவன் சொல்வதை மறுக்க என் கையில் என்ன இருந்தது, என் மூக்கும் அவன் மூக்கும்தானே.

இங்கேதான் வகுப்பு வருகிறது. வகுப்பு நடத்துகிற அம்மாள் பகலில் தபால் பிரிக்கிற வேலை பார்க்கிறவள், கண்டிப்பானவள், என்னைக்கூட அதட்டுவாள். எழுத்துகள் எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்டதும், இனிமே என் புத்தகம் வேண்டாம், வீட்டுல எது கிடக்கோ அதை எடுத்துட்டு வந்து படிங்க என்றாள். பக்கத்தில் உட்கார்கிற தையல்காரர் பழைய செய்தித்தாள் கொண்டுவந்தார், ஒரு பாட்டி தன் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தாள். நான் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டைக் கொண்டுபோனேன். காரோடு வந்தது, நம் மொழியிலேயே இருக்கிறது, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஆள் அதைத் தொட்டதில்லை, எஞ்சின் டாக்டர் அதன் மேல்தான் தன் வெற்றிலை டப்பாவை வைப்பான். எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போய்விட்டது தெரியுமா. வளவள என்று எழுதவில்லை. இதைச் செய், இதைச் செய்யாதே, செய்தால் இப்படி ஆகும், அவ்வளவுதான். உன் அம்மாவின் கடிதத்தைவிட நன்றாக இருக்கிறது என்று அவளிடமே சொல்லிவிட்டேன், அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது. விரலை வைத்து வைத்து ஆயில் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அதில் இருப்பதை உனக்குச் சொல்கிறேன். நம் காருக்கு ஆயில் மாற்ற வேண்டியது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அது. ஆயில் கறுப்பது இயல்பு, நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன், தையல்காரருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அவர் நியாயம்தானே என்றார். முகர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. நான் முதலிலிருந்து கடைசி வரைக்கும் தேடிவிட்டேன், மூக்கு என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் கிடையாது.

இதைப் படித்துவிட்டு, அப்பாடா, மாப்பிள்ளை சொன்னதுதான் சரி என்று நீ துள்ளிவிடாதே. மாப்பிள்ளை ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, இந்தக் காலத்து காருக்கெல்லாம் இருபதாயிரம் வரைக்கும் ஆயிலைத் தொடவே வேண்டாம் மாமா, எல்லாம் சிந்தெட்டிக் ஆயில் என்று எனக்குப் போன தடவை பாடம் எடுத்தார். மாப்பிள்ளை மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால் அது மடத்தனம் என்று நான் எழுத மாட்டேன், எழுதிவிட்டேன், அடிக்கத் தெரியவில்லை, அப்படியே இருக்கட்டும். யாரோ ஒருவன் எங்கேயோ நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுகிற காரை வைத்துக்கொண்டு பேசியிருப்பான். அதே பக்கத்தின் அடியில் எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறது, அதைப் படிக்க நான் உன் அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். குறைந்த தூரமே ஓடுகிற கார், எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிற கார், நெரிசலிலும் தூசியிலும் ஓடுகிற கார், இதற்கெல்லாம் பாதிக் கணக்கு. ஆறு மாதம் அல்லது ஐயாயிரம். நம் கார் எங்கே போகிறது, வீட்டிலிருந்து உன் அம்மாவின் கைப்பயிற்சி நிலையம், அங்கிருந்து வீடு, நடுவில் காய்கறிக் கடை. எஞ்சின் சூடாகலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நான் அணைத்துவிடுகிறேன். தூரத்தை வைத்துப் பார்த்தால் ஐயாயிரம் எப்போது வரும் என்று தெரியாது, ஆக நமக்குக் காலக் கணக்குதான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்கிற மூக்கும் தப்பு, இருபதாயிரம் என்கிற வீடியோவும் தப்பு. முன்கண்ணாடியில் பட்டறைக்காரன் ஒட்டிவிட்டுப் போன சீட்டும் தப்பு, அதில் மூவாயிரம் கிலோமீட்டர் என்று எழுத்தில் போட்டிருக்கிறது, இதுவரைக்கும் அது ஏதோ கறுப்புக் கோடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், படித்ததும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

சரி, எஞ்சினை எரித்தது யார் என்று சொல்கிறேன். நான் வகுப்புக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் உன் மாமா வந்திருக்கிறான். முந்தின தடவை மாற்றி ஒரு மாதம் ஆகியிருந்தால் அதிகம். வழக்கம் போல மூக்கு, வழக்கம் போலச் சாவு. இந்தத் தடவை பட்டறைக்குக்கூடப் போகவில்லை, நம் வாசலிலேயே கீழே தட்டு வைத்து நட்டைக் கழற்றி வடித்துவிட்டு, தானே புது ஆயில் ஊற்றியிருக்கிறான். எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்கவில்லை, டின்னில் இருந்ததை முழுக்க ஊற்றினான். உன் அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஏண்டா, போதாதா என்று கேட்டதற்கு, இருக்கட்டுமே அக்கா, மிச்சம் வெச்சு என்ன பண்றது, வயிறு நிறையக் குடிக்கட்டும், அதுவும் உழைக்கிற ஜீவன்தானே என்றானாம். பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி எஞ்சினுக்குப் பரிமாறியிருக்கிறான். மறுநாள் நான் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலத்துக்கு முன்னால் இருக்கிற மேட்டில் ஏறும்போது கார் இருமியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை, எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்ஸே தெரியவில்லை. மேட்டு உச்சியில், பாலம் தொடங்குகிற சமமான இடத்தில் ஓரம் கட்டி அணைத்துவிட்டேன். உன் அம்மா தன் தம்பிக்குப் போன் போட்டாள், அவன் வரவில்லை, கை வேலையா இருக்கேன் அக்கா, நான் அப்பவே சொன்னேன், அத்தானுக்கு ஓட்டத் தெரியாதுன்னு என்று வைத்துவிட்டான். வைத்த கையோடு உன்னைக் கூப்பிட்டு எஞ்சின் எரிந்துபோன கதையை உனக்குச் சொல்லியிருக்கிறான், நாங்கள் இன்னும் சாலை ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

நான் என்ன செய்தேன் என்று கேள். கையேட்டை எடுத்தேன். உன் அம்மாவைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து, அவள் இடது கையால் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, காற்றில் தாள் பறக்க, லாரி லாரியாகப் போகிற சத்தத்தில் நான் எழுத்து எழுத்தாகக் கத்திப் படித்தேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சமமான இடத்தில் வைத்து, குச்சியை எடுத்துப் பார்க்கவும். பார்த்தேன். குச்சியில் இரண்டு கோடு உண்டு, இரண்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும், நம் குச்சியில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அடுத்த வரி, மேல் கோட்டுக்கு மேல் ஆயில் இருந்தால் எஞ்சினை இயக்க வேண்டாம், நுரைத்து எஞ்சின் சேதமாகும். எனக்குச் சலவைக்கூடத்து நுரை ஞாபகம் வந்துவிட்டது, சோப்பு அதிகமானால் இயந்திரம் மூச்சுத் திணறும், அதேதான். உன் அம்மா குச்சியையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் இன்னொரு தடவை படிக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாங்க, புரிஞ்சுது என்றாள். அப்புறம் கொஞ்சம் கழித்து, எப்பங்க இவ்வளவு படிச்சீங்க என்றாள். அந்த மேட்டில், அந்தப் புகையில், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். கார் கெட்டு நிற்கிறது, மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறான் என்று பஸ்ஸில் போனவர்கள் நினைத்திருப்பார்கள். இழுவை வண்டிக்காரர் வந்தார், அவரே மெக்கானிக், அதிகமாக இருந்த ஆயிலைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார், எஞ்சினைப் பிரிச்சுப் பாக்கத் தேவையில்லை, தப்பிச்சுட்டீங்க பெரியவரே, இன்னும் கொஞ்ச தூரம் விரட்டியிருந்தா இதைத் தலையில வெச்சுத்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும் என்றார். கார் இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. எரியவும் இல்லை, கிரியவும் இல்லை.

அப்படியானால் உன் மாமாவுக்கு ஏன் இந்த ஆயில் பைத்தியம் என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்தேன். மூக்கின் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன், அவனைக் கொஞ்சம் உயர்வாகவே நினைத்துவிட்டேன். நீ போன் பேசிய மறுநாள் உன் அம்மா, என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் நேர்ல கேக்கணும் என்றாள். போனோம். அவன் வீட்டைச் சுற்றி மரவேலி போட்டிருக்கிறானே, நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு போட்டது. அந்த வேலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் எதையோ பூசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நம் வீட்டு நீலக் கேன், மூடியில்லாமல். அதில் நம் காரில் வடித்த ஆயில். மகளே, வேலி பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தது, மீதி வெள்ளையாக இருந்தது. கரையான் வராமல் இருக்க வண்டி ஆயில் பூசுகிறான். பட்டறையில் கேட்டால் வேறு ஆட்கள் வாங்கிப் போய்விடுகிறார்களாம், இவனுக்குக் கிடைப்பதில்லையாம், அதனால் அக்கா வீட்டு காரில் கறந்திருக்கிறான், மாடு கறப்பது போல. ஒவ்வொரு தடவையும் ஆயில் செத்துப்போச்சு என்று அவன் சொன்னபோது செத்தது ஆயில் இல்லை, அவன் கேன்தான் காலியாகியிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் பிரஷ்ஷைப் பின்னால் ஒளித்தான், முதுகெல்லாம் சொட்டியது. உன் அம்மா கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, என்னடா பண்றே என்றாள். பழைய ஆயில் வீணாப் போகுதேன்னுதான் அக்கா என்றான். பழைய ஆயிலா, போன மாசம் ஊத்துனது பழைய ஆயிலாடா, அதுக்குள்ள அதுக்கு வயசாயிடுச்சா என்று கேட்டாள். அவன், கரையான் வந்தா வேலி போயிடும் அக்கா என்று முனகினான். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், டேய், என் மக இந்தக் காரை என் கைக்காக வாங்கிக் கொடுத்தா, உன் வேலிக்காக இல்லே. சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இடது கையால் ஏற்றினாள், மெதுவாகத்தான் ஏறியது, அவன் அதுவரைக்கும் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் வீட்டு நாய் வேலியில் சாய்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது, அதற்காக மட்டும்தான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், உன் அம்மா சொல்லக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தாள், இப்போது சொல்லுங்க என்றுவிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் உன் மாமாதான் அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனான். கொண்டுபோய் இறக்கிவிட்டான், திரும்ப ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டான். நிலையத்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். துடைப்பவள் வந்து, காலைத் தூக்குங்கம்மா என்று சொல்லி அவள் காலைச் சுற்றித் துடைத்திருக்கிறாள், அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இவள் கைப்பையைத் திறந்து போனை எடுக்க ஒரு கையால் முடியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் துடைப்பவள்தான் பையிலிருந்து போனை எடுத்து எனக்குப் போட்டாள். நான் காய்ச்சலோடு போய் அழைத்துவந்தேன். அவன் மறுநாள், எங்கேயோ வேலையில மாட்டிக்கிட்டேன் அக்கா என்றான், அவளும் பரவாயில்லைடா என்றாள். தம்பியாயிற்றே. ஆனால் அதற்கடுத்த தடவை பயிற்சிக்குக் கிளம்பும்போது, நீங்க வெளியிலேயே நிக்கறீங்கல்ல, எங்கேயும் போக மாட்டீங்கல்ல என்று என்னைக் கேட்டாள். இன்றைக்கும் கேட்கிறாள். காரை அவனிடம் கொடுத்தால் அவள் எத்தனை நாள் அந்த பெஞ்சில் உட்கார்வாள் என்று நீயே யோசி. எனக்கு ஓட்ட வேண்டும் என்ற ஆசை இல்லை, எனக்குப் பதில் ஒரு ஓட்டுநரை வைத்தாலும் நான் முன் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். மூக்கு வைத்து எஞ்சின் பார்க்கிற அந்த மனுஷனிடம் மட்டும் சாவியைக் கொடுக்கச் சொல்லாதே. நான் முழுக்க நியாயமில்லாதவன் இல்லை, அவன் அக்காவைப் பார்க்க வரட்டும், உட்காரட்டும், தேநீர் குடிக்கட்டும். பானெட்டுக்கும் அவனுக்கும் நடுவில் நான் நிற்பேன்.

பேத்திக்கு என் முத்தம். பல் விழுந்துவிட்டதாமே, விழுந்த பல்லைப் பற்றி அவளையே எழுதச் சொல், தாத்தா படிப்பார் என்று சொல், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வகுப்புதான். மாப்பிள்ளையிடம் நான் எழுதியதில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படித்துக் காட்டு, எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் வயிறு குளிர, மனது குளிர நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். நீயும் அங்கே வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்று பக்கத்திலேயே ஓட்டுகிறாய், உன் எஞ்சினும் சூடாகியிருக்காது. உன் காரின் கையேட்டை எடுத்து, ஆயில் பக்கத்தில் அடியில் இருக்கிற சின்ன எழுத்தைப் படி, எங்கள் கணக்கு உனக்குப் பொருந்தாமல் இருக்கலாம், உன் காருக்கு அது சொல்வதுதான் கணக்கு. குளிர்ந்த பிறகு, சமமான இடத்தில் வைத்து, குச்சியை நீயே எடுத்துப் பார். முகர்ந்து பார்க்காதே, நம் குடும்பத்துக்கு அது போதும்.

முடிக்கும் முன்னால் இதை உன் அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். உன் மாமாவின் இடத்தில் இரண்டு சொல்லை மாற்றச் சொன்னாள், மாற்றவில்லை. நீயே போனில் மகளிடம் சொல்லிவிடேன் என்றேன், என் தம்பியைப் பத்தி என் வாயால பேசினா அழுதுடுவேங்க என்றாள். அப்படியானால் எழுது என்று பேனாவைக் கொடுத்தேன். இனிமேல் பயிற்சிக்கு உன் தம்பியோடு போய்க்கொள்வாயா என்று மகள் கேட்கிறாள், பதிலை நீயே எழுது என்றேன். இடது கையில் கொடுத்தேன், வாங்கவில்லை, வலது கையை நீட்டினாள். பயிற்சியில் பந்தைப் பிடிக்க வைப்பது போல நான் பேனாவை விரலுக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நான் தொடவில்லை, சத்தியமாக. ஒரே சொல், அதற்கே நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது, கடைசிப் புள்ளி தாளைத் தாண்டி மேஜையில் விழுந்துவிட்டது, அதை நாங்கள் துடைக்கவில்லை. முடங்கிய பிறகு அந்தக் கை எழுதிய முதல் சொல், கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
இனிமேல் தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும்,
உன் அப்பா

மாட்டேன்